குறிப்பிடத்தக்கவர் அல்லர்

மீனலோசனி இறந்து எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் சௌரிராஜன் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தார். எழுதச் சொன்னவள் மகள் ஹம்சவேணி. பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். 2007 கோடையில்தான் அவர்களுடைய கே.கே. நகர் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருப்பதை அவள்தான் அப்பாவுக்குக் காட்டினாள்.

"நடிகருங்க, மந்திரிங்க, கிரிக்கெட் ஆடுறவங்க எல்லாரும் இருக்காங்கப்பா. அம்மாவும் இருக்கட்டுமே."

சௌரிராஜன் விளக்குத்தூண் பக்கம் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுபவர். மீனலோசனி தாசில்தாராக இருந்தவள். கல்யாணமான புதிதில் அவள் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர்தான். துறைத் தேர்வுகள் எழுதி எழுதி மேலே வந்தாள். அவள் படிக்கிற நாட்களில் சமையல் இவர் பொறுப்பு. சொந்தத்தில் சிலர் இதை ஜாடையாகக் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே ரசத்துக்குத் தாளிப்பார்.

தாசில்தாரான பிறகு நகரத்துக்கு மேற்கே பல கண்மாய்களில் ஆக்கிரமிப்புகளை அவள் அகற்றினாள். அடைபட்டுக் கிடந்த வரத்துக்கால்களைத் திறந்து கண்மாய்களுக்குத் தண்ணீர் வரவிட்டாள். கண்மாய் தாசில்தார் என்று ஒரு நாளிதழ் எழுதியது. 1999 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், சமண மலையைத் தாண்டிச் செவக்காட்டுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம், ஒரு விவசாயியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது மண் லாரி மோதியது. இருவருமே அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள்.

சௌரிராஜன் முதலில் எழுதியதில் பாதி நிற்கவில்லை. 'அஞ்சா நெஞ்சர்', 'அன்பே வடிவானவர்' என்ற சொற்களையெல்லாம் யாரோ நீக்கியிருந்தார்கள். கட்டுரைக்குப் பின்னால் உரையாடுவதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதில் மலைச்சாமி என்ற தொகுப்பாளர் காரணம் எழுதியிருந்தார்.

"ஐயா, கட்டுரை நன்று. ஆனால் 'அஞ்சா நெஞ்சர்' என்பது கருத்து, தகவல் அன்று. எந்தக் கண்மாய், எந்த ஆண்டு, எந்த இதழில் வந்தது என்று எழுதுங்கள். அஞ்சினாரா இல்லையா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்."

அவருக்கு முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் மீனலோசனியே அப்படித்தான் பேசுவாள் என்று தோன்றியது. நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்களைப் புரட்டினார். கண்மாய்களின் பெயர்களைச் சரிபார்த்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் கொடுத்தார். கடையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று. யாராவது பிறந்த ஊரை மாற்றியிருந்தால் திருத்துவார். 'அவர்' என்பது 'அவள்' என்று ஆகியிருந்தால் திருத்துவார். வீட்டில் அவளைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிருந்த ஆண்டுகளுக்குப் பிறகு, தினமும் அவளுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது.

தை மாதம் பொங்கல் முடிந்து கடை திறந்த அன்று, கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு புதிய வாக்கியம் இருந்தது.

'தம் நெருங்கிய நண்பரான செவக்காட்டுப்பட்டி முத்துக்கருப்பன் என்பவருடன் மோட்டார் சைக்கிளில் தனிமையில் சென்றபோது விபத்தில் இறந்தார்.'

ஆதாரமாக ஒரு வார இதழின் பெயரும் தேதியும் கொடுக்கப்பட்டிருந்தன. சௌரிராஜனுக்கு அந்த இதழ் ஞாபகம் இருந்தது. கருமாதி முடிவதற்குள் வந்த இதழ். அட்டையில் அவள் படம் போட்டு, ஜீப் இருக்கும்போது தாசில்தார் ஏன் மோட்டார் சைக்கிளில் போனார் என்று கேட்டிருந்தார்கள். கணவர் நூல் கடைக் கணக்கர் என்பதையும் மறக்காமல் போட்டிருந்தார்கள். அந்த இதழ் நின்றுபோய் வெகுகாலமாகிவிட்டது. அதில் வந்தது அச்சிலேயே மட்கிப் போயிருக்கும். இப்போது யாரோ வீட்டிலிருந்த பழைய பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், விட்டுப்போன தகவலைச் சேர்த்திருக்கிறார்கள்.

அவர் வாக்கியத்தை நீக்கினார். மறுநாள் திரும்ப வந்திருந்தது. மறுபடி நீக்கினார். 'ஆதாரமுள்ள தகவலை நீக்க வேண்டாம்' என்று எச்சரிக்கை வந்தது. மறுபடியும் நீக்கியதும் அவருடைய கணக்கைச் சில நாட்களுக்கு முடக்கிவிட்டார்கள். மலைச்சாமி வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார்: "நீங்கள் அவருடைய கணவர் என்பது தெரியும் ஐயா. அதனாலேயே இந்த வரியில் நீங்கள் கைவைக்கக் கூடாது. தவறென்றால் மறுக்கும் ஆதாரம் தாருங்கள்."

அன்று ஹம்சவேணியும் பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"யாருப்பா இவரு?"

"விவசாயி. கண்மாய்ல மண்ணு அள்றாங்கன்னு புகார் கொடுத்தவர்."

"அம்மா ஏன் ஜீப்ல போகல?"

"ஜீப் ரிப்பேரா இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா, இருந்துச்சா?"

சௌரிராஜனுக்குத் தெரியாது. எட்டு ஆண்டுகளில் அவர் அந்த ஊருக்குப் போனதில்லை, அவள் ஆபீசில் யாரையும் விசாரித்ததில்லை. யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போயிருக்கிறார். ஒரு சித்தப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஆனால் என்ன நடந்தது என்று கேட்கப் போனால் தாமே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தார். கேட்காமல் இருந்ததால் சந்தேகம் இல்லாமல் போய்விடவில்லை. அது ஒரு ஓரத்தில் சத்தமில்லாமல் கிடந்தது.

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினார்.

செவக்காட்டுப்பட்டியில் டீக்கடையில் விசாரித்ததும், "லாரில அடிபட்டுச் செத்தாரே, அந்த முத்துக்கருப்பனா?" என்று கேட்டுத் தெருவைக் காட்டினார்கள். ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மாள் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முத்துக்கருப்பனின் மனைவி சோலையம்மாள்.

"நான் சௌரிராஜன். தாசில்தார் மீனலோசனியோட வீட்டுக்காரர்."

சோலையம்மாளின் கை நின்றது. வாங்க என்று சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு வந்தீக?"

"கம்ப்யூட்டர்ல ஒரு எடத்துல தப்பா எழுதியிருக்காங்கம்மா. அதப் பத்திக் கேட்டுட்டுப் போகலாம்னு..."

"தெரியும்." குரல் உயரவில்லை. "எம்மக தாமரைச்செல்விக்குப் பூ வச்சு, தேதி குறிக்கிற மட்டும் வந்துருச்சு. மாப்ளையோட தம்பி மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் படிக்கிறவரு. பொண்ணு ஊரு எப்பிடின்னு ஊருப் பேரத் தட்டிப் பாத்துருக்காரு. வந்தது எம்புருசன் பேரு. அத அச்சடிச்சு எடுத்தாந்து பெரியவுக முன்னால வாசிச்சாக. அப்பன் இப்பிடியான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

சௌரிராஜன் நின்றுகொண்டே இருந்தார்.

"அத எழுதுனது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"அந்த வரிய எழுதுனது யாருன்னு தெரியாதும்மா. ஆனா அந்தப் பக்கத்த ஆரம்பிச்சது நான்தான். என் சம்சாரத்தைப் பத்தி நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்னு ஆரம்பிச்சேன்."

சோலையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவள் சுளகை ஓரமாக வைத்தாள்.

"ஊரு மறந்துருந்துச்சு சார். சொந்தக்காரங்க பேசிப் பேசி ஓஞ்சுபோயிருந்தாக. நீங்க போயி எழுப்பிட்டீக."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. சோலையம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"இத்தன வருசமா யாருகிட்டயும் கேக்கலையா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் அப்பிடித்தான் நெனச்சீகளா?"

அவர் தலை குனிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. தெருவைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள்.

"லாரிங்க கண்மாய்க்குள்ள எறங்கிருச்சுன்னு அவருதான் கடையிலருந்து போன் போட்டாரு. ஜீப்பு மூணு நாளா பட்டறையில கெடக்குன்னு அந்தம்மா டவுன் பஸ்ஸப் பிடிச்சு வந்து எறங்குனாக. செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு, சேறா இருக்குல்ல, வெறுங்கால்ல நடந்து வந்தாக. இந்தா, இங்கனதான் ஒக்காந்து தண்ணி குடிச்சாக. சோறு போடவான்னேன். மொதல்ல லாரியப் பாத்துட்டு வாரேன், வந்து சாப்புடுறேன்னாக. கண்மாய்க்கர தூரம். நடந்தா லாரி போயிரும். எம்புருசன் வண்டிய எடுத்தாரு. அந்தம்மா ஏறத் தயங்குனாக சார். நான்தான் சொன்னேன், அட ஏறுங்கம்மா, எங்க வீட்டாளுதான, நானே சொல்றேன்ல, ஏறுங்கன்னேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நான்தான் ஏத்திவிட்டேன்," என்றாள்.

மீனலோசனி உட்கார்ந்திருந்த இடத்தைச் சௌரிராஜன் பார்த்தார்.

"கெளம்பும்போது அந்தா அந்த முருங்க மரத்தப் பாத்தாக. எங்க வீட்டுக்காரருக்கு முருங்கக்கீரைன்னா உசுரு, போறப்ப ஒரு கட்டு எடுத்துக்கவான்னு கேட்டாக. தாசில்தாரம்மா வாயவிட்டுக் கேட்டுட்டாகளேன்னு, அவுக போனதும் நல்ல கொழுந்தாப் பறிச்சுக் கட்டித் தண்ணி தெளிச்சு வச்சேன். இருட்டுற நேரம் ஆளு ஓடி வந்து சொன்னாக. அந்தக் கீரை அங்கனயே கெடந்து வாடுச்சு."

அவர் அழுதார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. மீனலோசனி இறந்த அன்று கூட அவர் இப்படி அழுததில்லை. அன்று மகளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதன் பிறகு ஊர் வாயை அடைக்க வேண்டியிருந்தது. சோலையம்மாள் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் கேட்டார். "இத ஒரு பேப்பர்காரர்கிட்டச் சொல்வீங்களாம்மா? பேப்பர்ல வந்துட்டா அத ஆதாரமா வச்சு அந்த வரிய மாத்திரலாம்."

"வேணாம் சார்."

"அம்புட்டும் உண்மைதானம்மா."

"உண்மைதான். அன்னைக்கே போலீசுல சொன்னேன், எழுதிக்கிட்டாக, எந்தப் பேப்பர்லயும் வரல. இன்னைக்குச் சொன்னா மறுபடி பேரு வரும். படிக்கிறவன், அன்னைக்கு இல்லாதத எழுதுனாகன்னு நெனப்பானா, இன்னைக்கு இருக்கறத மூடி மறைக்கிறாகன்னு நெனப்பானா? எனக்கு எம்மக வாழணும். பேர எடுத்துருங்க, அது போதும்."

அப்போது தாமரைச்செல்வி கதவருகில் வந்து நின்றாள். அவளுக்கு ஹம்சவேணியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"சார், எங்கப்பா பேரு எங்கயாவது எழுதி இருக்கணும்னு நானும் நெனச்சிருக்கேன். கண்மாயக் காப்பாத்தப் போயித்தான செத்தாரு. இப்ப அவரு பேரு எங்கயுமே இல்லாம இருந்தாப் போதும்னு இருக்கு. அத மட்டும் செஞ்சு குடுங்க சார்."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சொன்னது போல அது எளிதாக இருக்கவில்லை. முத்துக்கருப்பன் தனிமனிதர், அவருடைய பெயர் கட்டுரைக்குத் தேவையில்லை என்று உரையாடல் பக்கத்தில் எழுதினார். மலைச்சாமி ஏற்றுக்கொண்டு பெயரை எடுத்தார். வேறொருவர், ஆதாரத்தில் இருக்கிறது என்று திரும்பச் சேர்த்தார். எடுப்பதும் சேர்ப்பதுமாகப் போயிற்று. எடுத்த நாட்களிலும் கட்டுரையின் பழைய வடிவங்கள் பின்னால் அப்படியே சேமிப்பில் இருந்தன. தேடத் தெரிந்தவன் பார்க்கலாம்.

கடைசியில் மலைச்சாமி எழுதினார்: "ஐயா, கட்டுரை இருக்கும்வரை இது ஓயாது. கட்டுரையே நீக்கப்பட்டால் எல்லாம் போய்விடும். வட்டாட்சியர் நிலை அலுவலர்களைப் பற்றி இங்கே பொதுவாகக் கட்டுரை இருப்பதில்லை. நீங்கள் எழுதியது நன்றாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. யாராவது நீக்கக் கோரினால் ஏற்றுக்கொள்வார்கள். கோருவதற்கு எனக்கு மனம் வரவில்லை."

சௌரிராஜன் தாமே கோரினார். முதலில் ஒரு குடும்பம் படும் துன்பத்தைப் பற்றித்தான் எழுதினார், பெயர்கள் இல்லாமல். அது காரணமாகாது என்று பதில் வந்தது. கட்டுரைக்குரியவர் கலைக்களஞ்சியத்தில் இருக்கத் தகுந்தவரா, அல்லரா என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் எழுதினார்.

'இவர் ஒரு வட்டாட்சியர் மட்டுமே. கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்றியது இவருடைய வழக்கமான அலுவலகக் கடமை. விருதுகள் எதுவும் பெற்றதில்லை. பணியாற்றிய பகுதிக்கு வெளியே இவரை அறிந்தவர்கள் குறைவு. குறிப்பிடத்தக்கவர் அல்லர்.'

ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு அனுப்பினார்.

ஒரு வாரம் கருத்துக் கேட்டார்கள். 'நீக்கலுக்கு ஆதரவு. யார் இவர்?' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னும் இரண்டு பேர் வெறுமனே ஆதரவு என்றார்கள். அடுத்த நாள் பெயரில்லாமல் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், பிழைகள் நிறைய இருந்தன. 'இந்த அம்மா எங்க ஊர் வரத்துகாலை திறந்து விட்டவர்கள். அதுக்கு பிறகுதான் எங்க அப்பா ரெண்டு போகம் நெல்லு போட்டார். இவரை போய் யாரோ ஒருத்தர் குறிப்பிட தக்கவர் இல்லை என்று சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும். தயவு செய்து நீக்க வேண்டாம்.'

சௌரிராஜன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த ஆளைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கருத்து அங்கே பதிலில்லாமல் நின்றால் கட்டுரை தங்கிவிடக்கூடும். அதற்குக் கீழே அவர் தட்டச்சு செய்தார்: 'தனிப்பட்ட அனுபவம் ஆதாரமாகாது. நீக்கலாம்.'

ஹம்சவேணி அதைப் பார்த்துவிட்டாள். கல்லூரிப் பையைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இத எழுதினது நீங்களா?"

"நான்தான்."

"அம்மா ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிட்டீங்க. அவங்களுக்காகப் பேச வந்த ஒருத்தரையும் வாயடைச்சுட்டீங்க. அந்தப் பத்திரிகைக்காரன் எழுதினதுக்கும் இதுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

அவர் அவளை உட்காரச் சொன்னார். ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று அவளிடம், விசாரிச்சேன், அம்மா மேல தப்பில்ல என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். இப்போது முழுவதும் சொன்னார். பட்டறையில் கிடந்த ஜீப்பிலிருந்து தொடங்கி, கையில் பிடித்த செருப்பு, குடித்த தண்ணீர், ஏறத் தயங்கியது, ஏற்றிவிட்ட பெண், வாடிப்போன கீரைக்கட்டு, அந்தப் பெண்ணின் மகள் கதவருகில் நின்று கேட்டது. ஹம்சவேணி பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கீரையைப் பற்றிச் சொன்னபோது பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இது எங்கயுமே இருக்காதாப்பா?" என்று கேட்டாள் பிறகு.

"இருக்காது. நமக்குத் தெரியும். அந்த வீட்டுல ரெண்டு பேருக்குத் தெரியும்."

"நாளைக்கு நான் யாருக்காவது சொல்லலாமா?"

"அந்தப் பொண்ணு நல்லபடியா இருக்கட்டும். கொஞ்ச காலம் போகட்டும்."

எவ்வளவு காலம் என்று அவள் கேட்கவில்லை.

பங்குனியில் கட்டுரை நீக்கப்பட்டது. மலைச்சாமி தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐயா, நான் நீக்கலுக்கு ஆதரவும் தரவில்லை, எதிர்ப்பும் தரவில்லை. உங்களை வணங்குகிறேன்." சௌரிராஜன் நன்றி என்று பதில் போட்டார்.

வைகாசியில் சோலையம்மாள் கடைக்குப் போன் செய்தாள். தாமரைச்செல்விக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது, உசிலம்பட்டிப் பக்கம், பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

"ரொம்பச் சந்தோசம்மா."

"சார், ஒங்களக் கல்யாணத்துக்குக் கூப்புட முடியாது. நீங்க யாருன்னு நாலு பேரு கேப்பாக. தப்பா நெனைக்காதீக."

"தெரியும்மா. அதெல்லாம் வேண்டாம். நல்லா நடத்துங்க."

அந்தப் பக்கம் அவள் உடனே வைத்துவிடவில்லை. ஏதோ சொல்ல வருவது போல மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "வைக்கிறேன் சார்," என்றாள்.

கடைக்காரர் யாரென்று கேட்டார். தெரிஞ்சவங்க என்றார் சௌரிராஜன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் கம்ப்யூட்டரை முடுக்கினார். கலைக்களஞ்சியத்தின் தேடல் பெட்டியில் அவளுடைய பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினார். திரையில் அந்தப் பெயர் பெரிதாக வந்தது. கீழே சிறிய எழுத்தில் இருந்தது:

'இத்தலைப்பில் கட்டுரை எதுவும் இல்லை. நீங்கள் இதை எழுதத் தொடங்கலாம்.'

சாப்பிட வருமாறு ஹம்சவேணி உள்ளிருந்து கூப்பிட்டாள். வாரேன் என்றார். அவள் இரண்டாம் முறை கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.